சீரியஸ், எக்ஸ்பயர்ட், பைபாஸ்

காரோட்டில் பைபாஸ் எங்கே என்று இன்றைக்கு யாரிடம் கேட்டாலும் கையை நீட்டி வழி காட்டுவார்கள். எண்பதுகளில் கேட்டிருந்தால் அந்தக் கை நெஞ்சுக்குப் போயிருக்கும். அப்போது அது திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் ஊருக்கு வந்த சொல். ஒரு வீட்டில் யாருக்காவது பைபாஸ் என்று கேள்விப்பட்டால், முற்றத்தில் செருப்பைக் கழற்றும்போதே குரலைத் தாழ்த்திக்கொண்டு, எந்தப் புரயிடத்தை விற்கப் போகிறார்கள் என்ற கேள்வியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, கொடுத்த கட்டன்காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்புவோம். இன்றைக்கு அதே சொல் கழக்கூட்டத்திலிருந்து புறப்பட்டு 43 கிலோமீட்டர் ஓடி எங்கள் ஊரில் வந்து முடிகிறது. முக்கோலை தொட்டு காரோடு வரையுள்ள 16 கிலோமீட்டர் சொச்சம், கேரளத்துத் தேசிய நெடுஞ்சாலையில் முதன்முதலாகக் கான்கிரீட் போட்ட பகுதி. அதன் மேல் போகிற பிள்ளைகளுக்கு பைபாஸ் என்றால் வேகம், காற்று, சாயங்காலம் நின்று எடுக்கும் படம். அந்தச் சொல்லைக் கேட்டு ஒரு தலைமுறை பயந்தது அவர்களுக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பதும் நல்லதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

சாலைக்கும் முன்னால் வந்தது 3டி. 1984இல் 'மை டியர் குட்டிச்சாத்தான்' வந்தபோது அந்த எண்ணும் எழுத்தும் கறுப்புக் கண்ணாடியாக எங்களுக்கு அறிமுகம் ஆகியிருந்தன. திரைக்குள் இருக்க வேண்டியது மூக்குக்கு நேரே வந்து நின்றதைப் பற்றிக் குளக்கரையில் உட்கார்ந்து எத்தனையோ நாள் பேசியிருப்போம். பிறகு தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் வீடு வீடாக வந்தது. 1956ஆம் வருடத்துச் சட்டம். அதில் 3ஏ என்றால் உன் நிலத்தை எடுக்க நினைக்கிறோம் என்று பொருள், 3டி என்றால் எடுத்தாயிற்று, 3ஜி என்றால் நஷ்டஈடு. தென்னை மூட்டில் நின்று தொண்டு பொறுக்கிக்கொண்டிருந்த அக்காமார் இந்த மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தை வக்கீல்களைப் போலப் பிரித்துச் சொன்னார்கள். அந்த வீடுகளின் பையன்களுக்கு அதே சமயம் 3ஜி என்றால் போனில் வரும் சிக்னல். ஒரே திண்ணையில் அம்மையும் மகனும் ஒரே எண்ணைச் சொல்லி இரண்டு விதமாகக் காத்திருந்தார்கள்.

ஆங்கிலம் எங்கள் ஊருக்குள் வந்ததே இப்படித்தான்: யாருக்காவது ஏதாவது நேர்ந்தால் கூட ஒரு சொல்லும் வரும். பள்ளிக்கூடம் கற்றுத்தந்தது கொஞ்சம். ஆஸ்பத்திரியும் கச்சேரியும் தபாலாபீசும் பஸ்ஸும் தந்தது அதிகம். பாட்டா காலத்தில் அது லண்டன் மிஷன் வழியாக வந்தது. பாறசாலையில் ஊழியம் செய்த சாமுவேல் மெட்டீர் காலத்துப் புத்தகங்களில் எங்கள் பாறசாலை 'பரேச்சாலி' என்று பிறர் நாக்கில் புரண்டு கிடக்கும். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில், 1922லும் 1924லும் எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் கத்தி பிடித்த காலத்தில், ஆப்பரேஷன் என்ற சொல் விளவங்கோட்டைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

எல்லைக்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் சுகம் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்குப் போயின; எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு போட்டார்களே தவிரப் பெண் கொடுப்பதும் எடுப்பதும் நிற்கவில்லை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். ஆகவே எந்த ஆங்கிலச் சொல்லும் எங்களிடம் இரண்டு பாதையில் வந்தது, இரண்டு உடுப்பில் வந்தது. பாறசாலையில் பார்த்தது டோக்டரை. எல்லை தாண்டிக் களியக்காவிளையில் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் அவர் டாக்டர் ஆகிவிடுவார். இந்தப் பக்கம் படித்தவன் கோளேஜுக்குப் போனான், அந்தப் பக்கம் படித்தவன் காலேஜுக்கு. வாயைத் திறந்த ஒரு நிமிடத்தில் யார் எந்தப் பக்கத்துப் பிள்ளை என்று கிழவிகள் சொல்லிவிடுவார்கள்.

மதுரைப் பக்கமிருந்து எங்கள் குடும்பத்துக்கு வாழ வந்த மைனி, வந்த புதிதில், "ஷாப்புக்குப் போயிட்டு வந்திடுறேன் மாமி" என்று சொல்லிக்கொண்டு பையை எடுத்தாள். மாமி அப்படியே உறைந்துபோனாள். எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றால் கள்ளுக்கடை. வேறு பொருளே கிடையாது. "எம் பிள்ளே, உனக்கு என்ன வேணுமோ சொல்லு, நான் ஆளை விட்டு வாங்கித் தாறேன்" என்று மாமி கெஞ்சிய குரல் இன்னும் எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் சொல்லிச் சிரிக்கப்படுகிறது. இன்றைக்குச் சிறுசுகள் எல்லாரும் ஷாப்பிங் போகிறார்கள், யாரும் உறைவதில்லை. ஆனாலும் எல்லைக் குணம் முழுக்கப் போய்விடவில்லை: இந்தப் பக்கம் பீவரேஜ் என்ற சொல்லுக்கு வரிசையில் நின்று வாங்கும் குப்பி என்று பொருள் இருக்கிறவரை, களியக்காவிளை தாண்டினதும் அதே குப்பிக்கு டாஸ்மாக் என்று பெயர் மாறுகிறவரை, அது கொஞ்சம் மிச்சமிருக்கிறது.

பஸ்ஸிலும் அப்படியே. 1938இல் திருவிதாங்கூர் அரசு சொந்தமாக பஸ் விட்ட நாளிலிருந்து இந்த நாகர்கோவில் ரோட்டின் மொழியில் பாதி ஆங்கிலம்தான். எங்கள் பக்கத்து பஸ்ஸில் கூரையை ஒட்டி ஓடும் கயிற்றை ஒருதரம் இழுத்தால் சிங்கிள் பெல், நிற்கும். இருதரம் இழுத்தால் டபுள் பெல், போகும். தமிழ்நாட்டு பஸ்ஸில் கண்டக்டரின் விசிலும் "போலாம் ரைட்"டும். ஆர்டினரி, ஃபாஸ்ட் பாஸஞ்சர், சூப்பர் ஃபாஸ்ட் என்று எங்கள் பாட்டி சொல்லும்போது அவளுக்கு அவை ஆங்கிலம் என்றே தெரியாது. எது நம்ம ஸ்டாப்பில் நிற்கும், எது நிற்காமல் போகும் என்பதற்கான ஊர்ச்சொற்கள், அவ்வளவுதான்.

பால்வெட்டுக்காரர்களின் ஆங்கிலம் இன்னும் அழகு. இருட்டோடு தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய் ரப்பர் மரத்தைக் கீறி, சிரட்டையில் விழுந்த பாலை ஊற்றி எடுத்து, ஆசிட் சேர்த்து உறையவைத்து, ரோலரில் கொடுத்து, புகைப்புரையில் தொங்கவிடுகிற அந்த மனிதர்களில் பலர் நாலாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். ஆனால் ஆர்.எஸ்.எஸ். நாலு என்கிற ரப்பர் ஷீட் என்ன விலைக்குப் போகிறது என்று பத்திரிகைக்காரனுக்கு முன்னால் அவர்களுக்குத் தெரியும். கோட்டயம் ரப்பர் ஆராய்ச்சி நிலையம் 1980இல் வெளியிட்ட ஆர்.ஆர்.ஐ.ஐ. 105 அவர்கள் வாயில் 'நூற்றஞ்சு' ஆகி வீட்டுப்பிள்ளை மாதிரி ஆயிற்று. வெட்டி முடித்த கிழட்டு மரத்தைக் கடைசியாகக் கடும்வெட்டு வெட்டக் கொடுப்பதை 'சிலாட்டருக்குக் குடுத்தாச்சு' என்பார்கள். கசாப்புக்குரிய அந்த ஆங்கிலச் சொல்லை அவர்கள் சொல்லும்போது ஒரு வருத்தம் அதில் கசியும். இருபது வருடம் சோறு போட்ட மரம் அல்லவா.

எல்லாச் சொற்களிலும் கனமான இரண்டு, தபால்காரரின் கையில் வந்தன. எங்கள் பக்கத்தில் தந்திக்குக் கம்பி என்று பேர். கம்பி வந்திருக்கிறது என்றால் அடுப்பில் இருந்த மரச்சீனியை இறக்கக்கூட யாரும் நிற்கமாட்டார்கள். ஓய்வுபெற்ற சார் வீட்டுக்கு ஓட வேண்டும், அவர் கண்ணாடியைத் தேடி மாட்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அப்படி நின்றுதான் 'சீரியஸ்' என்ற சொல்லின் பொருளை நாங்கள் கற்றோம். சீரியஸ் என்றால் உடனே புறப்பட வேண்டும், வடசேரிப் பெரியம்மையின் கை சூடாக இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். 'எக்ஸ்பயர்ட்' என்றால் சேர முடியாது. சார் அந்தச் சொல்லை வாசிக்கவே மாட்டார், காகிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார், எங்களுக்கு விளங்கிவிடும். பல தடவை தாய்மாமன்மார் வந்து சேர்வதற்குள் அழுது தொண்டை அடைத்திருக்கும்.

2013 ஜூலையில் நாடு முழுவதும் தந்திச் சேவை நின்றுபோயிற்று. இப்போது என் பேத்தி எதைக் கேட்டாலும் "சீரியஸா?" என்கிறாள், மழை வருது என்றால் சீரியஸா, சக்கை பழுத்திருக்கு என்றால் சீரியஸா. போன வாரம் என் போனைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாட்டா, உங்களுக்கு எக்ஸ்பயர் ஆயாச்சு, ரீசார்ஜ் பண்ணணும்" என்றாள். பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த என் தங்கை, எழுபதைத் தாண்டியவள், ஒரு கணம் நெஞ்சில் கை வைத்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். ஒரு சொல்லின் மேலிருந்து சாவு இறங்கிப் போவதைக் கண்ணால் பார்க்க நேர்ந்தது எங்கள் வயதுக்காரர்களுக்குத்தான். அதற்காக நன்றி சொல்லத்தான் தோன்றுகிறது.

பையன்களின் கொச்சைச் சொற்களிலும் காலம் மாறிப்போயிற்று. தமிழ்நாட்டுப் பக்கம் "சீன் போடாதே" என்றால் அலட்டாதே என்று அர்த்தம். எங்கள் பக்கம் "சீன் ஆயி" என்றால் விஷயம் வம்பாகிவிட்டது என்று அர்த்தம். களியக்காவிளைச் சந்தையில் இந்த இரண்டு சீனும் மோதிக்கொண்டதை நாங்கள் ரசித்திருக்கிறோம். இப்போது வைப் என்கிறார்கள், க்ரிஞ்ச் என்கிறார்கள். நாகர்கோவில் பையனுக்கும் நெய்யாற்றின்கரைப் பையனுக்கும் சான் பிரான்சிஸ்கோ பையனுக்கும் ஒரே நாளில், ஒரே உச்சரிப்பில், ஒரே பொருளில் அது கைபேசியில் வந்து விழுகிறது. யாரும் யாரையும் தப்பாகப் புரிந்துகொள்வதில்லை. ஊர்மண் அதன் மேல் படிவதற்குள் அடுத்த சொல் வந்துவிடுகிறது, இது போய்விடுகிறது.

நான் அதிகமாகத் தேடுவது எங்கள் கிரந்தசாலையின் அகராதியை. பி.என். பணிக்கர் 1945இல் தொடங்கிவைத்த இயக்கத்தால் இங்கே சின்ன ஊர்களில்கூட ஒரு வாசகசாலை இருந்தது. டி. ராமலிங்கம்பிள்ளையின் ஆங்கில-மலையாள அகராதி அங்கே வெளியே கொடுக்காத புத்தகம், மேசையிலேயே இருக்கும். களியக்காவிளை மாமா வீட்டில் லிப்கோ. ஒரு சொல்லைத் தேடிப் போய் அதன் பக்கத்து வீட்டுச் சொற்கள் நாலைந்தோடு திரும்பி வருவது என்ன சுகம் என்று உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். ஆனால் அதையும்விடப் பெரிது அந்தப் பக்கங்களில் இருந்த பென்சில் கோடுகள். புரோபேட் என்ற சொல்லின் கீழ் ஒரு கோடு: யாரோ பாகவழக்கில் இருக்கிறார்கள். விசா, எமிக்ரேஷன்: கல்ஃபுக்குக் காகிதம் எழுதுகிற ஒரு பையன். பயாப்சியின் கீழ் இரண்டு கோடு, இரண்டும் வேறு வேறு பென்சில். யார் என்று தெரியாது, கேட்கவும் மாட்டோம். ஊரில் யாருக்கோ இந்த வாரம் தூக்கமில்லை என்பது மட்டும் தெரியும். அடுத்த முறை எதிரே வருகிறவரிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசுவோம்.

இன்றைக்கு அந்தக் கோடுகள் எல்லாம் கைபேசிக்குள் போய்விட்டன. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பெண் தன் ரிப்போர்ட்டில் உள்ள சொல்லை, யார் வீட்டுத் திண்ணையிலும் காத்து நிற்காமல், யார் கண்ணாடி போடவும் காத்திராமல், தானே தட்டித் தமிழில் பொருள் பார்த்துக்கொள்கிறாள். சார் வீட்டு முற்றத்துக்குள் நுழையவே தயங்கி, வேலிக்கு வெளியே காகிதத்தை நீட்டிக்கொண்டு நின்ற மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு அந்த வேலி இல்லை. இதைவிடப் பெரிய முன்னேற்றம் எங்கள் ஊருக்கு வந்ததில்லை, பைபாஸ் உட்பட. அந்தப் பெண்ணுக்குத் தூக்கமில்லை என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் போனது அதற்கு நாம் கொடுத்த விலை. கொடுக்கத் தகுந்த விலைதான். ஆனாலும் விலை விலைதான். பேத்தியிடம் அதைச் சொல்லிவைக்கிறேன், தெரியாத சொல் எதையாவது ராத்திரியில் தேட நேர்ந்தால், தேடி முடித்ததும் என்னை எழுப்பு என்று.