எந்தக் கை?

2005 செப்டம்பர். மேற்படிப்புக்கு ஒஹாயோ வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மூன்று பேர் வாடகையைப் பங்கிட்ட வீட்டில் என் அறைத்தோழன் மதுரைக்காரன். வந்த வாரமே அடுப்படியில் கவனித்துவிட்டேன், கரண்டி அவனுக்கு இடது கையில்தான் நிற்கும். காய் நறுக்குவதும் அந்தக் கையால்தான். சோற்றை மட்டும் வலது கையால் பிசைந்து சாப்பிடுவான். "சின்ன வயசுல ஆச்சி ரெண்டு போட்டுப் பழக்கினது மச்சான். நொட்டாங்கையால சோத்தைத் தொட்டா வீட்டுல விடுவாங்களா?" என்றான். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மாதம்தான் டோக்கியோ கேம் ஷோ மேடையில் நிண்டெண்டோவின் தலைவர் சடோரு இவாட்டா ஒரு பொருளைக் கையில் தூக்கிக் காட்டினார். அவர்களுடைய அடுத்த கேம் இயந்திரத்தின் கன்ட்ரோலர் அது. அந்த இயந்திரத்துக்கு அப்போது 'ரெவல்யூஷன்' என்று மட்டும்தான் பெயர். அவர் கையில் இருந்தது டிவி ரிமோட் மாதிரி நீளமாக இருந்தது. கூடவே ஒரு படமும் காட்டினார்கள். அதில் யாரோ காய் நறுக்குகிறார், யாரோ மீன் பிடிக்கிறார், ஒருவர் பல் வைத்தியம் பார்க்கிறார். எல்லாம் வெறுங்காற்றில். கேமில் இருந்து ஒரு காட்சிகூட அதில் இல்லை, ஆடுகிறவர்களின் முகமும் கையும் மட்டுமே.

என் மடிக்கணினியில் அதை மூன்று முறை பார்த்தோம். நான் கொதித்துப்போனேன்.

"இது டிவி ரிமோட்டுடா. இதுல எப்படிடா கார் ஓட்டுறது? எப்படிச் சண்டை போடுறது?"

"ஏன், கையை வீசு. வாள் வீசுற மாதிரி."

"பட்டன் எங்க? ரெண்டு கையால பிடிக்க முடியாத ஒண்ணு கன்ட்ரோலரா?"

பட்டன் நிறைய இருந்தால் பழகாதவர்கள் பயந்து ஒதுங்குகிறார்கள், டிவி ரிமோட்டை யாரும் பயமில்லாமல் எடுப்பார்கள் என்பதுதான் இவாட்டா சொன்ன காரணத்தின் சாரம். "வீணையில தந்தி ஜாஸ்தின்னு ரெண்டை அறுத்துடுவாங்களா?" என்று நான் கேட்டேன். "வாசிக்கப் பத்து வருஷம் ஆகும்னா எங்கம்மா எப்படா வாசிக்கிறது?" என்று அவன் திருப்பிக் கேட்டான். அந்த இலையுதிர் காலம் முழுக்க சோறு வடிக்கும்போதும், துணி துவைக்கும் இடத்திலும், பேருந்து நிறுத்தத்திலும் எங்களுக்கு இதே பேச்சுதான். மூன்றாவது தோழன் தெலுங்குக்காரன். கடைசியில் அவன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படித்தான்.

என் கோபம் போலியானது இல்லை. திருச்சியில் 90களில் எங்கள் தெருவில் 'டிவி கேம்' வைத்திருந்த மூன்று வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. மஞ்சள் கேசட்டைச் செருகி, ஓடாவிட்டால் உருவி ஊதி, மறுபடி செருகி ஆடுவோம். கான்ட்ராவில் குதித்துக்கொண்டே சுடும்போது கட்டைவிரல் பட்டன்மேல் தானே புரளும். யோசித்தால் செத்துவிடுவோம், விரலை அதன் போக்கில் விட்டால் பிழைப்போம். தையற்காரருக்கு மிதியும் சமையற்காரருக்கு உப்பும் அப்படித்தான் கைவந்திருக்கும். வருடக்கணக்கில் விரலில் சேர்த்து வைத்த ஒன்றை 'இனி தேவையில்லை' என்று ஒருவர் மேடையில் சொன்னதாக எனக்குப் பட்டது. அது வலித்தது.

ஆனால் அதே வீட்டில் நடந்த இரண்டு விஷயங்களை நான் மறந்திருந்தேன்.

மரியோ குதிக்கும்போதெல்லாம் நான் ஜாய்ஸ்டிக்கை மேலே தூக்குவேன். வயர் இழுத்து, பெட்டியே மேசையில் நகரும். "பட்டனை அமுக்குனா போதாதா, கையை ஏன்டா தூக்குற?" என்று அம்மா கேட்பார். அக்கா, பக்கத்து வீட்டுப் பையன், எனக்குத் தெரிந்து அந்த டிவிக்கு முன்னால் உட்கார்ந்த எல்லாருமே தூக்கினோம். அடுத்தது, அந்தப் பெட்டியோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கி. வாத்து பறக்கும், குறி பார்த்துச் சுட வேண்டும். துப்பாக்கியில் இருந்து எதுவும் கிளம்பிப் போவதில்லை. விசையை இழுத்ததும் திரை ஒரு நொடிக்கும் குறைவாகக் கறுக்கும், வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகத் தெரியும், அந்த வெளிச்சம் குழலுக்குள் இருக்கும் கண்ணில் பட்டால் வாத்து விழும். பழைய குண்டு டிவியில் மட்டுமே அது வேலை செய்யும். அந்தத் துப்பாக்கியைக் கையில் எடுத்தபோது எங்களில் யாருக்கும் பட்டன் நினைவு வரவில்லை.

நான் மரபு என்று மார்தட்டிய பட்டன் அமைப்புக்கும் அப்போது பெரிய வயதில்லை. அதற்கு முந்தைய அடாரி ஜாய்ஸ்டிக்கில் அடிப்பெட்டியை இடது கை பிடிக்கும், சிவப்புப் பட்டனை இடது கட்டைவிரல் அமுக்கும், குச்சியை ஆட்டுவது வலது கை. 1982இல் கைக்கடக்கமான டாங்கி காங் விளையாட்டில் நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் கூட்டல் குறி வடிவப் பட்டனை இடது பக்கம் வைத்தார். அடுத்த ஆண்டு அவர்களுடைய வீட்டு இயந்திரமான ஃபேமிகாம் அதே அமைப்போடு வந்தது, திசை இடதில், செயல் வலதில். அதன்பிறகு எல்லாரும் அந்த வழியே போனார்கள். 2005இல் அந்த மரபுக்கு 23 வயது, எனக்கும் அதே வயது.

2006 நவம்பர் 19. அதற்குள் பெயர் 'வீ' என்று மாறியிருந்தது. கடை வாசலில் நள்ளிரவுக்கு முன்பே போய் நின்றோம், குளிர் எலும்பில் இறங்கியது. 250 டாலர். அவன் 150 போட்டான், நான் 100. எதிர்த்துப் பேசியவன் ஏன் பங்கு போட்டாய் என்று அவன் கேட்கவில்லை, அந்த நாகரிகம் அவனுக்கு எப்போதும் உண்டு. இரண்டு நாள் முன்புதான் பிளேஸ்டேஷன் 3 வந்திருந்தது. அதன் பெரிய வகை 600 டாலர், எங்களுக்கு எட்டாத விலை.

பெட்டியோடு 'வீ ஸ்போர்ட்ஸ்' சேர்த்தே கொடுத்திருந்தார்கள். பௌலிங்கைத் தேர்ந்தெடுத்தோம். ஆடுபவர் வலது கைக்காரரா, இடது கைக்காரரா என்று திரை கேட்டது.

அவன் ரிமோட்டைப் பிடித்தபடி திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவசரத்தில், "என்னடா, அமுக்கு" என்றேன்.

"மச்சான், எந்தக் கைன்னு கேக்குதுடா."

சொல்லிவிட்டு ரிமோட்டை இடது கைக்கு மாற்றினான், மணிக்கட்டுப் பட்டையை மாட்டி இறுக்கினான், அமுக்கினான். பந்து ஓடி, கடைசியில் வளைந்து நடுவில் இடித்தது. நான் கத்தினேன். அவன் கத்தவில்லை. மறுபடி போட்டான், மறுபடி போட்டான். இரவு இரண்டு மணிக்கு டீ போட்டுக்கொண்டு வந்தபோதும் போட்டுக்கொண்டிருந்தான்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வகுப்பில் எழுதும் பலகை வலது பக்கம் ஒட்டிய நாற்காலிகள் இருந்தன. அவன் உடம்பை முறுக்கி உட்கார்ந்து எழுதுவதை ஒரு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மரபு என்று சொன்ன கன்ட்ரோலரிலும் எந்த விரல் எதைச் செய்ய வேண்டும் என்பதை யாரோ முன்பே முடிவு செய்துவிட்டார்கள். அது என் கைக்கு வாகாக இருந்ததால் முடிவு ஒன்று இருப்பதே எனக்குத் தெரியவில்லை. வீயில் ரிமோட் ஒரு கையில், வயரால் இணைந்த நன்சக் மறுகையில். இரண்டையும் மாற்றிப் பிடித்தால் யாரும் தடுப்பதில்லை.

நான் சொன்னதும் முழுக்கத் தப்பில்லை, அதையும் சொல்ல வேண்டும். டென்னிஸில் கையை வீசத் தேவையே இல்லை என்று மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். சோபாவில் சாய்ந்து மணிக்கட்டைச் சுண்டினாலே போதும். உள்ளே இருந்தது வேகமாற்றத்தை மட்டும் உணரும் ஒரு சில்லு. முழுக் கை வீச்சையும் சுண்டலையும் அதனால் சரியாகப் பிரித்தறிய முடியவில்லை. திருப்பத்தை உணரும் சுழல்மானி 2009இல்தான் தனித்துண்டாக வந்து ஒட்டிக்கொண்டது.

ஆனால் அந்தக் குளிர்காலத்தை நினைத்தால் எனக்கு முதலில் வருவது செல்டாதான். அந்த வரிசையில் வந்த 'ட்வைலைட் பிரின்சஸ்' முதலில் வீக்கு முந்தைய கேம்கியூபுக்காக உருவானது. அதன் நாயகன் லிங்க் இடது கையால் வாள் வீசுபவன். அதனாலேயே என் தோழனுக்கு அவன்மேல் தனிப் பிரியம். வீயில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் வலது கையை வீசுவார்கள் என்பதால், வீ பதிப்பில் லிங்கை வலது கைக்காரனாக்க விரும்பினார்கள். அவன் ஒருவனை மட்டும் மாற்றாமல் மொத்த உலகத்தையும் கண்ணாடிப் பிம்பம்போலப் புரட்டிவிட்டார்கள். மலை, ஆறு, கோட்டை, வரைபடம் எல்லாம் இடம் வலமாக மாறின.

டிசம்பரில் கேம்கியூப் பதிப்பு வந்ததும் நான் அதை வாங்கினேன், பட்டன் உள்ள பதிப்பு. இரண்டு பழைய டிவிகளை அடுத்தடுத்து வைத்து ஒரே கதையை ஆடினோம். வலது கைக்காரனான என் திரையில் இடது கை லிங்க். இடது கையால் ரிமோட்டை வீசும் அவன் திரையில் வலது கை லிங்க். வழி தெரியாமல் நான் நின்றால், "பாலம் தாண்டி லெஃப்ட்ல திரும்பு" என்பான். நான் திரும்பினால் பாறை முட்டும். "உனக்கு ரைட்டுடா, மாத்திக்கோ" என்பான். அந்த விடுமுறை முழுக்க ஒருவருக்கொருவர் மாற்றிச் சொல்லிச் சொல்லியே முடித்தோம். உனக்கு வருத்தமில்லையா என்று ஒருநாள் கேட்டேன். "சோத்தாங்கைக்காரங்கதானே நிறையப் பேரு மச்சான்" என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தான்.

பிறகு வந்ததெல்லாம் பலருக்கும் தெரிந்த கதை. கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம் விற்றிருந்தது, வீ 10 கோடியைத் தாண்டியது. 2010இல் கையில் எதுவுமே வேண்டாம் என்று கினெக்ட் வந்தது, 2017இல் அதன் தயாரிப்பு நின்றது. வீக்கு அடுத்து வந்த வீ யூ 1 கோடியே 36 லட்சத்தோடு படுத்துவிட்டது. அப்போது நான்தான் ஜெயித்தேன் என்று நினைத்தேன், அவனிடம் சொல்லவும் செய்தேன். ஆனால் அதே சுழல்மானி பட்டன் கன்ட்ரோலர்களின் வயிற்றுக்குள் சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துவிட்டது. பிளேஸ்டேஷனின் கன்ட்ரோலரில் இருக்கிறது, வீ யூவுக்குப் பின் வந்த ஸ்விட்சின் புரோ கன்ட்ரோலரிலும் இருக்கிறது. 2015இல் வந்த 'ஸ்பிளட்டூன்' விளையாட்டில் குறிபார்ப்பது கையை லேசாகச் சாய்த்துத்தான். பார்த்தால் பட்டன், உள்ளே அசைவு.

2021இல் என் வலது கட்டைவிரல் அடியில் வலி வந்தது. மூட்டுப் பக்கம் தசைநாண் வீங்கியிருப்பதாக மருத்துவர் சொன்னார், பட்டை கட்டி ஆறு வாரம் ஓய்வு. அதன்பிறகு குச்சியைத் தள்ளினால் கால்மணி நேரத்தில் சுருக்கென்று பிடிக்கும். ஸ்விட்சின் இரு பக்கமும் மாட்டும் ஜாய்-கான் கன்ட்ரோலர்கள் இரண்டையும் பிரித்து, தொடைக்கொன்றாக வைத்து, மணிக்கட்டைச் சாய்த்து ஆடப் பழகினேன். 2005இல் நான் வேண்டாம் என்ற அசைவால்தான் இன்றைக்கும் ஆடுகிறேன். முதல் நாள் ஆடியதும் மதுரைக்குப் போன் செய்து சொன்னேன். அவன் 2012இலேயே ஊருக்குத் திரும்பிவிட்டான். "வலி எப்படி இருக்கு?" என்று மட்டும்தான் கேட்டான்.

2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்தது. மகளுக்குப் பதினொரு வயது. புது ஜாய்-கானை ஓரமாக நிமிர்த்தி மேசைமேல் தேய்த்தால் மவுஸாக வேலை செய்யும் என்று காட்டினேன். மேசை இல்லாவிட்டால் தொடைமேல் தேய்த்தாலும் போதும். அவள் முகம் சுருங்கியது.

"மவுஸெல்லாம் ஆபீஸுக்குத்தான்பா. இதைப் போய் யாராவது கேமுக்கு வெச்சுப்பாங்களா? நார்மலா ஆடுறதே நல்லா இருக்கு."

நார்மல் என்று அவள் சொன்னது அசைவோடு ஆடுவதை. அவளுக்கு விவரம் தெரிந்த நாளாக ஸ்விட்ச்தான், சாய்த்துக் குறிபார்ப்பதுதான். நான் அவளோடு வாதாடவில்லை. அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும், அதில் பொய்யில்லை.

ஆகஸ்டில் 'டிராக் எக்ஸ் டிரைவ்' வந்தது. சக்கர நாற்காலியில் அமர்ந்து ஆடும் கூடைப்பந்து. இரண்டு ஜாய்-கான்களும் இரண்டு மவுஸ், ஒவ்வொன்றும் ஒரு சக்கரம். முன்னால் தள்ளித் தூக்கி, மறுபடி தள்ள வேண்டும். ஒரு சனிக்கிழமை இரவு சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். மதுரையில் அப்போது ஞாயிறு காலை, வீடியோ அழைப்பில் அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான். போனைத் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்திருந்தேன்.

நாற்காலி நேராகப் போகவில்லை. வலது கை ஒரே தள்ளலில் முக்கால் சாண் போகும், இடது கை பாதியில் நிற்கும், நாற்காலி இடது பக்கமாக வட்டமடிக்கும். வலது கையை மெதுவாக்கினேன், அப்போதும் அதே வட்டம்தான். இடது மணிக்கட்டுக்கு எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது தூக்க வேண்டும் என்பதே தெரியவில்லை. மகள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நில்லு மச்சான், கண்ணால பாக்காத" என்றான் அவன் கூஜாவுக்கு முன்னாலிருந்து. "வலது கையைச் சும்மா வை. நொட்டாங்கையால மட்டும் பத்துத் தடவை தள்ளு. முழங்கையில இருந்து வரணும்."

தள்ளினேன். நான்காவது தடவையில் மகள் என் இடது முழங்கையைப் பிடித்து மேசை விளிம்பிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்தாள்.

"இப்போ தள்ளுப்பா."