சித்தூர்க் குடும்பம் கப்பலேறும் முறை: துறைமுக அமைச்சகத்துக்கு ஒரு விளக்கக் கடிதம்

பெறுநர்: ஒன்றியத் துறைமுகங்கள், கப்பல் மற்றும் நீர்வழிப் போக்குவரத்து அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: சித்தூர், திருப்பதி மாவட்டக் குடும்பங்கள் முதன்முறையாகச் சொகுசுக் கப்பல் ஏறுவது – தரைவழிப் பகுதி குறித்து.

பார்வை: ஆந்திரப் பிரதேச மறுசீரமைப்புச் சட்டம் 2014, பதின்மூன்றாம் அட்டவணை.

சித்தூர்க் குடும்பத்தின் கடற்பயணம் சென்னைத் துறைமுகத்தில் தொடங்குகிறது என்பது அரசாங்கக் கணக்கு. நடைமுறையில் அது ஏறத்தாழ 150 கிலோமீட்டர் மேற்கே, மாந்தோப்புகளும் பாறைக் குன்றுகளும் சூழ்ந்த ஊர்களில், முதல்நாள் இரவு புளியோதரைக்குப் புளி கரைக்கும்போதே தொடங்கிவிடுகிறது. 2024 செப்டம்பர் 30 அன்று மும்பையில் தொடங்கிவைக்கப்பட்ட 'குரூஸ் பாரத் மிஷன்' 2029க்குள் பயணக் கப்பல் பயணிகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்க உறுதி பூண்டிருக்கிறது. அந்தப் பயணிகள் கப்பல் படிக்கட்டு வரை எப்படியாவது வந்து சேர்ந்துவிடுவார்கள் என்ற இறைநம்பிக்கையின் மேல்தான் திட்டம் நிற்கிறது. திருப்பதிப் பக்கத்துக்காரர்கள் இறைநம்பிக்கையைக் குறைசொல்ல மாட்டார்கள்.

இப்பகுதிக்குச் சொந்தத் துறைமுகம் இல்லையா என்று புதுதில்லியில் யாரேனும் கேட்கக்கூடும். சட்டப்படி இருக்கிறது. பார்வையில் கண்ட அட்டவணை, துகராஜபட்டினத்தில் புதிய பெருந்துறைமுகம் ஒன்றின் முதல் கட்டம் 2018 இறுதிக்குள் முடியும் என்கிறது. அந்தக் கடற்கரை 2022இல் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தோடு சேர்ந்தது. ஆக, திருப்பதிக்குக் கடல் கிடைத்துவிட்டது. துறைமுகம் அட்டவணையிலேயே நங்கூரமிட்டு நிற்கிறது. பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று கிளம்பிய சந்திரயான்-3 அடுத்த மாதமே நிலவில் இறங்கிவிட்டது. வானத்து வேலைக்கு வேறு துறை என்பதால் இந்த ஒப்பீட்டை அமைச்சகம் பொருட்படுத்த வேண்டியதில்லை.

துகராஜபட்டினத்தை ஒட்டித்தான் 1620களில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆர்மகான் பண்டகசாலை இருந்தது. அதன் தலைவராக இருந்த பிரான்சிஸ் டே அந்த இடம் சரிப்படாமல் தெற்கே வந்து, 1639இல் சந்திரகிரி அரசருக்குக் கட்டுப்பட்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரிடம் மதராசப்பட்டினத்துக் கரையைப் பெற்றார். சந்திரகிரி திருப்பதிக்குப் பக்கத்து ஊர். ஷேர் ஆட்டோவிலேயே போய்விடலாம். ஆக, சென்னை என்னும் ஊர் உண்டானதே சந்திரகிரி அரசரின் ஆளுகையில் இருந்த நிலத்தில்தான். சந்திரகிரிக்காரர் இன்று அதே கரைக்குப் போய் 'எந்த கேட்?' என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

கப்பல் விஷயத்தில் குறையில்லை. கோர்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' 1990இல் பிரான்சில் கட்டப்பட்டது. 11 தளங்கள் கொண்டது. 2022 ஜூன் 4 அன்று தமிழ்நாடு முதலமைச்சர் கொடியசைக்க, சென்னையிலிருந்து அதன் பயணங்கள் தொடங்கின. 2023 ஜூன் 5 அன்று 17.21 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த பன்னாட்டு முனையம் திறக்கப்பட்டு, அங்கிருந்து இலங்கைக்கும் கப்பல் விடப்பட்டது. மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை பிடிக்கும் மாதங்களில் மும்பைக் கடல் கொந்தளிக்கும் என்பதால் கப்பல் இந்தப் பக்கம் வருகிறது. இதில் சின்னச் சிக்கல்: ஆந்திரப் பள்ளிகள் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12 வாக்கில். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்கப் பிள்ளைகள் வீட்டில் இருக்கும்போது கப்பல் மும்பையில் இருக்கிறது. புத்தகங்களுக்கு அட்டை போட்டு முடிக்கும் வேளையில் கப்பல் சென்னைக்கு வந்து நிற்கிறது. பருவமழையைத் தள்ளிவைக்க அமைச்சகத்துக்கு அதிகாரம் இல்லாததால், பிள்ளைகளுக்கு 'காய்ச்சல்' என்று விடுப்புக் கடிதம் எழுதும் அதிகாரத்தைப் பெற்றோர் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

அடுத்தது ஆட்கணக்கு. குடும்பம் என்றால் தாய், தந்தை, இரண்டு பிள்ளைகள் என்று கணக்குப் போட்டுத்தான் கப்பலில் அறைகளைக் கட்டுகிறார்கள். சித்தூரில் அதற்குப் பெயர் பாதிக் குடும்பம். அவ்வா (பாட்டி), தாத்தா, சின்னாயனா (சித்தப்பா), அவர் மனைவி, கல்யாணமாகாத அத்தை எல்லாம் சேர்ந்தால் மூன்று அறைகள் வேண்டும். மூன்றும் வெவ்வேறு தளங்களில் கிடைக்கும். ஜன்னல் இல்லாத உள்ளறைதான் விலை மலிவு. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் சின்னாயனாவும் அவர் அண்ணனும் ஒரு வாரம் பேசாமல் இருந்துவிட்டுப் பிறகு பெரியவர்களுக்கே கொடுப்பார்கள். "கடலைப் பாக்கத்தானே காசு? ஜன்னல் இல்லாத ரூமுக்குச் சித்தூர் வீடே போதாதா?" என்று அவ்வா கேட்கும் கேள்விக்கு எந்த விளம்பரத் தாளிலும் பதில் இல்லை. பெயரிலும் சிக்கல் உண்டு: ஆதாரில் ஒருவருக்குத் தெலுங்கு வழக்கப்படி வீட்டுப்பெயர் முன்னால் இருக்கும். தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவருக்கு இனிஷியல் மட்டும் இருக்கும். ஒரே வயிற்றில் பிறந்த அண்ணனும் தம்பியும் காகிதத்தில் வேற்றாட்கள். இலங்கைப் பயணம் என்றால் எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். அது தனிக் கதை.

உணவு பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். வெளி உணவைக் கொண்டுவரக் கூடாது என்பது சொகுசுக் கப்பல்களின் பொது விதி. விதியைப் படித்துப் பார்த்த பிறகும் அவ்வா வாழையிலையை அனலில் வாட்டி, புளியோதரையை அழுத்தி மடித்து, தினசரித்தாளைச் சுற்றி, வாழைநாரால் கட்டுவார். வழியில் தின்னத்தான் என்பார். பொட்டலம் எட்டு இருக்கும். வழி நான்கு மணி நேரம்தான். புவிசார் குறியீடு பெற்ற திருப்பதி லட்டு வெளி உணவா, பிரசாதமா என்பது இன்னும் தீர்ப்பாகாத வழக்கு. ஸ்கேனர் இயந்திரத்துக்குப் பக்தி கிடையாது.

இனி வழி. திருப்பதியிலிருந்து சப்தகிரி எக்ஸ்பிரஸ் ரேணிகுண்டா, புத்தூர், திருத்தணி, அரக்கோணம் வழியாகச் சென்னை சென்ட்ரலில் கொண்டுவந்து விடும். சித்தூர்க்காரர் காட்பாடிக்குப் போய் மாறுவார். பேருந்து என்றால் மாதவரம்; ஆந்திரப் பேருந்துகளை 2018இல் கோயம்பேட்டிலிருந்து அங்கே மாற்றியதிலிருந்து, சென்னை வந்தும் சென்னைக்குப் போக இன்னொரு பேருந்து பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒன்பது பேரும் பதினாறு பைகளும் என்பதால் கடைசியில் வேன்தான்.

வேன் ராணிப்பேட்டை, ஸ்ரீபெரும்புதூர் தாண்டி மதுரவாயலை எட்டும்போது, துறைமுகத்துக்கென்றே திட்டமிட்ட ஒரு பாலம் கண்ணில் படும். சரியாகச் சொன்னால், அதன் தூண்கள் கண்ணில் படும். மதுரவாயல்–துறைமுகம் மேம்பாலச் சாலைக்கு 2009 ஜனவரியில் அன்றைய பிரதமர் அடிக்கல் நாட்டினார். கூவத்துக்குள் தூண்கள் நிற்பதாகச் சொல்லி 2012இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2022 மே 26 அன்று இன்னொரு பிரதமர் மறுபடி அடிக்கல் நாட்டினார். இம்முறை இரண்டடுக்கு, மதிப்பு 5,800 கோடிக்கு மேல். முதல் அடிக்கல் நாட்டியபோது பிறந்த பிள்ளை பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியாகிவிட்டது. தூண்களுக்கு அருகே நெரிசலில் வேன் நிற்க, சின்னாயனா அந்தப் பிள்ளையிடம் தூண்களை எண்ணச் சொல்வார். இந்தப் பாலம் சரக்குப் பெட்டி லாரிகளுக்காகத்தான், பயணிகளுக்கு அல்ல என்று அமைச்சகம் விளக்கமளிக்கலாம். லாரிகளும் அதே நெரிசலில்தான் நிற்கின்றன.

துறைமுகம் மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் காவலில் உள்ள இடம். ராஜாஜி சாலையில் ஆட்டோக்காரருக்கு 'ஹார்பர்' தெரியும். 'குரூஸ் டெர்மினல்' என்றால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு இன்னொரு ஆட்டோக்காரரைக் கேட்பார். இந்தக் கட்டத்தில் எந்தத் திருப்பதிக்காரருக்கும் திருமலை ஞாபகம் வரும். முந்நூறு ரூபாய்த் தரிசனச் சீட்டில் எங்கே, எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அச்சடித்திருக்கும். ரயில் நிலையத்திலிருந்து அலிபிரிக்கு இலவசப் பேருந்து உண்டு. அலிபிரியில் பையை ஒப்படைத்துவிட்டுப் படியேறினால், பை காசில்லாமல் மேலே வந்து காத்திருக்கும். பசித்தால் வெங்கமாம்பா அன்னப்பிரசாதக் கூடம். ஒரு நாளில் பல்லாயிரம் பேரைக் கையாளும் இந்த ஏற்பாட்டை நடத்துவது ஒரு கோயில் நிர்வாகம். ஒரு கப்பலுக்கு இரண்டாயிரம் பேர்கூட வருவதில்லை.

தரிசனத்தில் ஒரு வகை கப்பலுக்கும் வந்துவிட்டது. 2022 ஜூனில் புதுச்சேரியில் கரையணைய அனுமதி கிடைக்காமல் கப்பல் கடலிலேயே நின்று திரும்பியது. பயணிகள் ஊரைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். திருமலையில் இதற்கு மகாலகு தரிசனம் என்று பெயர். அதற்குச் சொகுசு அறைக் கட்டணம் வாங்குவதில்லை.

ஆகவே அமைச்சகம் தன் அலுவலர்கள் சிலரை, குடும்பத்தோடும் பதினாறு பைகளோடும், சித்தூர் பேருந்து நிலையத்திலிருந்து சென்னைத் துறைமுக வாசல் வரை அரசு வாகனம் இல்லாமல் அனுப்பிவைத்து, அவர்களுடைய பயணப்படிக் கோரிக்கையையே திட்ட அறிக்கையாக ஏற்றுக்கொள்ளலாம். அவ்வா உடன் வரச் சம்மதித்திருக்கிறார்.

நகல்: செயல் அலுவலர், திருமலை திருப்பதி தேவஸ்தானம் – பயிற்சி வகுப்பு நடத்த நாள் ஒதுக்கித் தரும் பொருட்டு.