சக்கரம் வைத்த போர்ஷன்

அம்பத்தூரில் சொந்த வீட்டுக்கு இதுவரை மூன்று வழிகள் இருந்தன. லோன் போட்டு வாங்கலாம். மாமனார் தலையில் கட்டலாம். இரண்டுக்கும் வக்கில்லாதவர்கள் ஓ.டி. பஸ் ஸ்டாண்டில் நின்று, அடுத்தவன் வாங்கிய ஃபிளாட்டை அண்ணாந்து பார்க்கலாம். என் மச்சான் நான்காவதாக ஒன்றைக் கண்டுபிடித்தான். பழைய ஸ்கூல் பஸ் ஒன்றை வாங்கி, அதையே வீடாக்கிவிடுவது.

"எல்லாரும் வீட்டுக்குப் போக பஸ்ஸைப் பிடிக்கிறாங்க மாமா. நாம பஸ்ஸையே வீடாப் பிடிச்சிடுவோம்" என்றான்.

அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டுகிறவன். இரும்பு விஷயம் தெரிந்தவன் என்பதால் வீட்டில் யாரும் உடனே மறுக்கவில்லை. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பதால் என் மாமியார் மட்டும், "பொண்ணு வீட்டுக்காரங்க வீடு பார்க்க வந்தா எந்த ஸ்டாப்பிங்ல எறங்கச் சொல்றது?" என்று கேட்டார். இன்றுவரை அதற்குப் பதில் இல்லை.

இந்த ஆசைக்குப் பூர்வீகம் அமெரிக்கா. ஸ்கூல் பஸ்ஸுக்கு அந்த மஞ்சள் நிறத்தைப் பிடித்துக் கொடுத்ததே அவர்கள்தான். 1939 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் ஃபிராங்க் சைர் என்ற பேராசிரியர் போட்ட கூட்டத்தில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் கறுப்பு எழுத்து எந்த நிறத்தின் மேல் பளிச்சென்று தெரியும் என்று பார்த்து முடிவு செய்தார்கள். அதே 1939-இல் தயாரான ஒரு ஸ்கூல் பஸ்ஸை 1964-இல் கென் கீஸி என்ற நாவலாசிரியர் வாங்கி, கண்ட கண்ட வர்ணத்தையெல்லாம் பூசி, சகாக்களை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவிலிருந்து நியூயார்க் வரை போய் அமர்க்களப்படுத்தினார். புரட்சி, புதிய வாழ்க்கைமுறை என்று அதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்தது அந்த பஸ்ஸின் பழைய சொந்தக்காரரைத்தான். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் பொருத்தி அதை முதலில் வீடாக்கியவர் அவர். காரணம் புரட்சி இல்லை. அவருக்கு 11 பிள்ளைகள். லீவுக்கு எங்காவது அழைத்துப்போக வேண்டியிருந்தது. சரித்திரத்தில் அவரைப் பற்றி ஒரு வரிதான்.

பஸ்ஸில் குடித்தனம் நடத்துவதை நாமும் வெளியூர்க்காரனிடம் கற்க வேண்டியதில்லை. ராமேஸ்வரத்தில் பாருங்கள். வடக்கேயிருந்து வரும் யாத்திரை பஸ்ஸின் நிழலில் ரொட்டி வெந்துகொண்டிருக்கும். ஜன்னல் கம்பியிலிருந்து பக்கத்துக் கம்பம் வரை கட்டிய கயிற்றில் ஒரு மாநிலத்தின் துணிமணி முழுக்கக் காயும். நம் பக்கம் மட்டும் என்ன? மேல்மருவத்தூருக்கோ வேளாங்கண்ணிக்கோ வேன் பிடித்தால் அண்டா, அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, சமையல்காரர் என்று முக்கால் வீடு முதலில் ஏறும். மிச்ச இடத்தில்தான் பக்தர்கள். புளிசாதத்தை இங்கேயே கட்டிக்கொண்டு கிளம்பி, அதைப் பூந்தமல்லி தாண்டுவதற்குள் காலி பண்ணுகிற பரம்பரை நம்முடையது.

புரோக்கர் காட்டிய வண்டி ஒரு பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் நின்றது. "ஸ்கூல் வண்டி சார். காலைல ஒரு டிரிப், சாயங்காலம் ஒரு டிரிப். மத்த நேரமெல்லாம் தூங்கிட்டுதான் இருந்திருக்கு" என்றார். நானறிந்த சில அலுவலகங்களுக்கும் இதே சர்டிபிகேட் பொருந்தும். ஏன் விற்கிறார்கள் என்றால், வயதான வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டும். அதுபோக மே மாதம் மைதானத்தில் மஞ்சள் வண்டிகளை வரிசையாக நிற்க வைத்து ஆர்.டி.ஓ. அதிகாரிகள் ஏறி இறங்கிப் பார்ப்பார்கள்: அவசர வழி திறக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா, கேமரா வேலை செய்கிறதா என்று. அவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பதைவிடப் புது வண்டி வாங்குவது லாபம்.

ஆவடி போகிற சாலையில் ஒரு பட்டறையில் வண்டியை விட்டோம். டிங்கரிங் பாய் சீட்டுகளைக் கழற்றக் கழற்ற, ஒரு தலைமுறையின் புதையல் வெளியே வந்தது. பாதி நடராஜ் பென்சில்கள், ஒற்றை சாக்ஸ், காம்பஸ், டிபன் பாக்ஸ் மூடி, அடியில் கல்லாகிப்போன சூயிங்கம். கடைசி வரிசை ரெக்சினில் காம்பஸ் முனையால் கீறிய இலக்கியம் ஏராளம். ஒரு சீட்டின் முதுகில் 'மேத்ஸ் மிஸ் நாளைக்கு வரக் கூடாது' என்ற பிரார்த்தனை. அதற்குக் கீழே வேறு கையெழுத்தில், 'வந்துட்டாங்க'. மச்சான் அந்த ஒரு சீட்டை மட்டும் பழைய இரும்புக்குப் போடவில்லை. ஹாலில் சோபாவாகப் போட வேண்டும் என்றான்.

பாய் வேலைக்கு நடுவே வாய் ஓயாமல் பேசுகிறவர். தரையைத் தட்டிப் பார்க்கும்போது மட்டும் பேசவில்லை. சுத்தியலோடு குனிந்து, முன்கதவிலிருந்து பின்சுவர் வரை ஒவ்வொரு ஜாணாகத் தட்டி, சத்தம் மாறின இடத்திலெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். 2012 ஜூலையில் தாம்பரம் பக்கம் ஸ்கூல் பஸ் தரையிலிருந்த ஓட்டை வழியாக விழுந்து, இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்று இறந்துபோனது. அதன் பிறகுதான் அந்த வருஷமே பள்ளி வண்டிகளுக்கென்று தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. "குடித்தனம் பண்றதுன்னாலும் சரி, மொதல்ல தரை" என்றார் பாய். வட்டம் போட்ட இடமெல்லாம் வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்த பிறகுதான் டீ குடிக்கப் போனார்.

அடுத்து கூரை. கத்திரி வெயிலில் தகரத்துக்குக் கீழே படுப்பது தோசைக்கல்லில் படுக்கிற மாதிரி. அதனால் உள்கூரைக்கு தெர்மோகோல் ஒட்ட வேண்டும். 2017-இல் வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் இருக்க அதை மிதக்கவிட்டார்களே, அதிலிருந்து தமிழ்நாட்டில் தெர்மோகோலை யாரும் கம்பீரமாக வாங்க முடிவதில்லை. கடைக்காரர் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "எந்த டேமுக்கு?" என்றார்.

சட்டப்படி செய்வதென்றால் அதற்குத் தனிப் பொறுமை வேண்டும். ஆர்.சி. புக்கில் எழுதியிருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. மோட்டார் கேரவன் என்றால் என்ன என்பதற்கு ஏ.ஐ.எஸ். 124 என்று மத்திய அரசின் தரநிர்ணயமும் இருக்கிறது. உட்கார இருக்கையும் மேஜையும், படுக்க இடம், சமைக்க வசதி, சாமான் வைக்க இடம் இவையெல்லாம் வண்டியோடு அசையாமல் பொருத்தியிருக்க வேண்டும். மேஜையை மட்டும் கழற்றிக்கொள்ளலாம். இந்தக் கணக்கில், கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த கொரட்டூர் போர்ஷனுக்கு அப்போதே கேரவன் சர்டிபிகேட் வாங்கியிருக்கலாம். கழிப்பறையை இந்த இலக்கணம் கேட்பதில்லை. கொரட்டூரிலும் அது மாடிப்படிக்குக் கீழே பொதுவில்தான் இருந்தது.

சட்டம் ஒன்று சொன்னால் ஊர் வேறு சொல்லும். தமிழ்நாட்டில் கேரவன் என்றால் அது நடிகர் இளைப்பாறுகிற இடம். பூந்தமல்லி தாண்டி செம்பரம்பாக்கம் பக்கம் ஈ.வி.பி. ஃபிலிம் சிட்டி இருப்பதாலும், பிக் பாஸ் வீடே அங்கே இருப்பதாலும் இந்தப் பகுதி மக்களுக்கு அதில் சந்தேகமே கிடையாது. பட்டறை வாசலில் தினம் நாலு பையன்கள் நின்றார்கள். உள்ளேயிருந்து மச்சான் கிரீஸ் கையோடு இறங்கும்போதெல்லாம் ஒரு ஏமாற்றப் பெருமூச்சு எழும். கேரளாவில் சுற்றுலாத் துறை 2021-இல் கேரவன் திட்டம் கொண்டுவந்தது. மறுவருஷம் வாகமண்ணில் வண்டிகள் தங்கப் பூங்காவே திறந்துவிட்டார்கள். நம் ஊரில் ராத்திரி வண்டியை ஓரங்கட்டினால் பெட்ரோல் பங்க்காரர்தான் தஞ்சம். அவரும் முதலில் கேட்பார்: "ஷூட்டிங்கா சார்?"

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் ஒருநாள் காலை எட்டு மணிக்கு வண்டியை ஓட்டிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். மஞ்சள் வண்டி, காலை எட்டு மணி. எந்த அறிவாளியும் இந்த இரண்டையும் சேர்க்க மாட்டான். திருமுல்லைவாயலில் சிக்னலுக்கு நின்றதுதான் தாமதம், ஒரு அம்மா எல்.கே.ஜி. பிள்ளையை உள்ளே ஏற்றிவிட்டு, "டிரைவர் அண்ணன் மாறிட்டாரா? சாப்பாட்டைப் பாதியில மூடிடுவான், மிஸ்கிட்ட சொல்லிடுங்க" என்று என் கையில் கூடையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஓடிப்போய் அவரைக் கூட்டிவந்து ஒப்படைப்பதற்குள், பையன் கியர் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்து இறங்க மாட்டேன் என்றான். பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்தார்கள். கிளம்பி வேகமாகப் போகலாம் என்றால் வண்டியில் ஸ்பீடு கவர்னர் இருந்தது. தமிழ்நாட்டில் கவர்னர் என்று பெயர் வைத்துக்கொண்டு எது சட்டென்று வழிவிட்டிருக்கிறது?

பெயின்டும் ஆயிற்று. சமையல் மேடை, மடக்குக் கட்டில், இருபது லிட்டர் கேன் வைக்க ஸ்டாண்ட், மேத்ஸ் மிஸ் சோபா எல்லாம் வந்த பிறகு மாமியார் வாஸ்து பார்க்க ஒருவரை அழைத்து வந்தார். அவர் காம்பஸை எடுத்து வைத்து, "வாசல் எந்தத் திசை?" என்றார். அதுதான் சிக்கல். பூந்தமல்லியிலிருந்து பெங்களூர் போனால் வண்டி மேற்கே பார்க்கும், வாசல் தெற்கே. திரும்பி வரும்போது வாசல் வடக்கே. போகும்போது கஷ்டம், வரும்போது குபேர யோகம். "அப்ப போகாமலே வந்துட்டா?" என்று மாமியார் கேட்டார். அவர் யோசித்து, "உத்தமம்" என்றார்.

கிரகப்பிரவேசமா, வண்டி பூஜையா என்று இன்னொரு தகராறு. வீடு என்றால் பசு உள்ளே வர வேண்டும். வண்டி என்றால் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்க வேண்டும். பசு முதல் படியில் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டு, என்னைவிட விவேகமாகத் திரும்பிவிட்டது. கடைசியில் உள்ளே பால் காய்ச்சுவது, வெளியே பழம் வைப்பது என்று சமரசம். பஸ்ஸை நிறுத்தியிருந்த காலி மனை சரிவாக இருந்ததால் பால் எத்தனை முறை வைத்தாலும் மேற்கேதான் பொங்கியது. மச்சான் இறங்கிப் போய் ஜாக்கி போட்டு ஒரு பக்கத்தை உயர்த்தினான். கிழக்கே பொங்கியது. ஐயர் கண்ணை மூடிக்கொண்டு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

பதிவை மாற்றும் மனு மேஜை மேஜையாகப் போய்க்கொண்டிருந்தது. அதுவரை வண்டி ஓடக் கூடாது, மனையிலேயே நின்றது. மழை வந்தது. 2024 அக்டோபரில் எச்சரிக்கை கேட்டதும் வேளச்சேரிக்காரர்கள் காரை மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்தினார்களே, அந்தக் கொடுப்பினை எங்கள் தெருவுக்கு இல்லை. பஸ்தான் இருந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர் நின்ற ராத்திரியில், பஸ் தரை மட்டும் காய்ந்து கிடந்தது. மூன்று வாஷிங் மெஷின், ஏழு சிலிண்டர், இரண்டு இன்வெர்ட்டர் பேட்டரி, எதிர்வீட்டுப் பாட்டி, பாட்டியின் லவ் பேர்ட்ஸ் கூண்டு எல்லாம் ஏறின. மச்சானுக்குப் படுக்க இடமில்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி தூங்கினான். பாட்டி விடியற்காலையில் அவனை எழுப்பி, "தம்பி, ஆவடி எப்ப வரும்?" என்று கேட்டாளாம்.

தண்ணீர் வடிந்ததும் மாமியார் பஸ்ஸைப் பார்த்த பார்வையே மாறிவிட்டது. அடுத்த வாரம் நான் போனபோது, எஸ்டேட்டில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பையன்கள் பையோடு படிக்கட்டில் நின்றார்கள். மாமியார் உள்ளே சோபாவில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மச்சான் ஜன்னலுக்கு வெளியே நின்று, "அம்மா, இது என் வீடும்மா" என்று முனகிக்கொண்டிருந்தான்.

"பேச்சிலர்ஸ்னா பத்து மாச அட்வான்ஸ். தண்ணி கேன் உங்களோடது. ஸ்டீயரிங்ல துணி காயப்போடக் கூடாது. ராத்திரி பத்து மணிக்கு மேல ஹாரன் அடிக்கக் கூடாது."

ஒரு பையன் தயங்கி, "வண்டி ஓடுமா ஆன்ட்டி?" என்றான்.

"ஓடினா வாடகை தனி."