செத்தவருக்குப் பிரச்சினை இல்லை

இலங்கையில் வாக்களிக்க அடையாள அட்டை காட்ட வேண்டும் என்று 2004ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 26இல் கடலும் வந்து, மட்டக்களப்பின் நாவலடியிலும் கல்லாற்றிலும் வீட்டோடு சேர்த்து அட்டைகளையும் அள்ளிக்கொண்டு போனது. கடலுக்கு வர்த்தமானி வாசிக்கும் பழக்கமில்லை.

சட்டத்தில் நியாயம் இல்லாமலில்லை. செத்தவர்கள் தவறாமல் வாக்களித்துப்போன காலமும் இங்கே இருந்தது. இப்போது தொல்லை உயிரோடு இருப்பவருக்குத்தான். வாக்களிப்பு நிலையத்தில் ஒரு கட்சியின் முகவர் அவருக்கு மருமகன், மற்றவர் பக்கத்து வளவுக்காரர். ஆனாலும் கையில் அட்டை இல்லாவிட்டால் அவர் யாரோ.

தற்காலிக அட்டை உண்டு. கிராம உத்தியோகத்தரிடம் படத்தோடு போக வேண்டும், அதுவும் குறித்த திகதிக்குள். வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் அது ஒரு காலை வேலை. மேற்கே, படுவான்கரையில் வயலும் யானையும் விட்டால்தான். தேர்தல் முடிந்தால் அந்த அட்டையும் முடிந்தது, மறுநாள் அவர் மறுபடியும் யாரோ.

நிரந்தர அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். அது எந்த இடப்பெயர்வில் எந்தப் பெட்டியோடு போனதென்று அட்டை கேட்டுவந்த ஓர் ஆச்சிக்குத் தெரியாது. "பிறக்காமலா கா நான் இங்க வந்து நிக்கிறன்?" என்கிறாள். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.