கோஷத்துக்கு அப்பால்

கேள்வி: எதிர்க்கட்சி எம்.பி.க்கு கோஷம் போடுவது, வெளிநடப்பு செய்வது தவிர வேறு என்னதான் வேலை?

பதில்: டி.வி. காட்டுவது அந்த ஐந்து நிமிடத்தை மட்டும்தானே! மக்களவையில் ஒரு கேள்வி கேட்கப் பதினைந்து நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அப்புறம் குலுக்கல். ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்குத்தான் நட்சத்திரக் குறி, அதாவது அவையிலேயே வாய்மொழிப் பதில் பெறும் தகுதி. அதிலும் நாலைந்துக்கு அமைச்சர் வாயால் பதில் சொல்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடிவிடும். மீதிக்கு எழுத்தில் பதில் வரும். அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் கணக்கு அது. நல்ல எம்.பி. அதை வைத்தே அடுத்த கூட்டத்தொடரில் அமைச்சரை மடக்குவார்.

வெள்ளிக்கிழமை மதியம் தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத எம்.பி. கொண்டுவரும் மசோதா. பாதிப் பேர் ஊருக்கு ரயிலேறியிருப்பார்கள். அப்படியொரு வெள்ளிக்கிழமையில்தான், 2015 ஏப்ரல் 24 அன்று, எதிர்க்கட்சி வரிசையிலிருந்த திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா மாநிலங்களவையில் நிறைவேறியது. தனிநபர் மசோதா ஒன்று நிறைவேறுவது, பல பத்தாண்டுகளாக எந்த அவையிலும் நடக்காத காரியம்! மக்களவை அதை நிறைவேற்றவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆனாலும் அரசு தன் பங்குக்கு ஒரு மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று. 2019-ல் சட்டமும் வந்தது.

உங்கள் எம்.பி. கேட்ட கேள்விகள் நாடாளுமன்ற இணையதளத்தில் இருக்கின்றன. படித்துவிட்டு, அடுத்த முறை அவர் ஊருக்கு வரும்போது பிடித்துக்கொள்ளுங்கள்.