சித்தப்பா, கொஞ்சம் பேசாதீங்க!

ஏற்காடு போய் வந்த யாருடைய போனையும் வாங்கிப் பாருங்கள். ஏரியில் படகு, இருபதாவது கொண்டை ஊசி வளைவின் பலகை, லேடீஸ் சீட்டில் நின்று எடுத்த வெள்ளை மூட்டம் (அதற்குக் கீழே சேலம் இருப்பதாக ஐதீகம்). என் போனிலும் இவைதான். விஸ்காம் படிக்கும் அண்ணன் மகள் உதட்டைப் பிதுக்கினாள். "இதுல கதை எங்க சித்தப்பா? ஆடியோ ஸ்லைடுஷோ பண்ணுங்க. அசையாத படம், அசல் சத்தம். மூணு நிமிஷம் போதும்."

சத்தத்திலேயே கதை கேட்பது எங்களுக்குப் புதிதா? ரேடியோவில் ஒலிச்சித்திரம் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு முழுப் படத்தையும் 'பார்த்த' தலைமுறை. அசையாத படத்தையும் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் 1962-லேயே செய்து காட்டிவிட்டார். அவருடைய 'லா ஜெட்டே' 28 நிமிடம். ஒரு பெண் கண் இமைக்கும் சில நொடிகள் தவிர எதுவும் அசையாது. வீட்டில் அதைப் போட்டபோது, நெட் மாட்டிக்கொண்டதென்று என் மனைவி மோடத்தை அணைத்துப் போட்டாள்.

கதைக்குக் காபியைப் பிடித்துக்கொண்டேன். 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த செடி. டிசம்பரில் பறிப்பு மும்முரம். பழம் விழும் சத்தம், பல்பர் தோலுரிக்கும் கடகடப்பு, சில்வர் ஓக்கில் காற்று எல்லாம் போனில் ஏறின. கூடவே என் குரலும்: "இது காபிப் பழம்."

"கண்ணுக்குத் தெரியறதை ஏன் சொல்றீங்க? தெரியாததைச் சொல்லுங்க" என்றாள் அண்ணன் மகள். பழம் தெரியாதவர்களும் பார்ப்பார்களே என்று வாதாடிப் பார்த்தேன். நடக்கவில்லை. அந்த இடத்தில், பழம் பறிக்கும் ஒரு அம்மாவின் கைகளைக் காட்டி, அவர் சிரித்தபடி சொன்னதை ஓடவிட்டாள்: "நானுங்களா? நமக்கு டீதானுங்க." நான் எழுதி வைத்திருந்த இரண்டு பக்க வர்ணனைக்கு அதோடு வேலை போய்விட்டது.

படம் மாறும்போது சத்தம் திடுக்கென்று அறுபடாமலிருக்க, அந்த இடத்தின் வெறும் அமைதியை ஒரு நிமிடம் பதிந்து அடியில் ஓடவிட வேண்டுமாம். ஏற்காட்டில் ஒரு நிமிட அமைதியா! வளைவுக்கு வளைவு ஹாரன். அது ஓய்ந்தால் யாரோ குரங்கிடம் சிப்ஸ் பாக்கெட்டைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்து மலையேறும் புண்ணியவான்களே, நீங்களும் செய்து பாருங்கள். ஒன்றே ஒன்று: பதிவை அழுத்திய பிறகு, பக்கத்தில் நிற்பவரிடம் "ரெக்கார்ட் ஆகுதா?" என்று மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள்.