கேஸ் அண்ணன்

சித்திரை பிறந்தால் மதுரைக்கு அழகர் வருவார். பசுமலைக்குக் கேஸ் அண்ணன் வருவார். அழகர் எந்த மண்டகப்படியில் எத்தனை மணிக்கு எழுந்தருளுவார் என்பதை அச்சடித்தே கொடுத்துவிடுவார்கள். கேஸ் அண்ணன் எத்தனை மணிக்கு எழுந்தருளுவார் என்பது கேஸ் அண்ணனுக்கே தெரியாது. போன் போட்டு, "எங்கண்ணே இருக்கீங்க?" என்று கேட்டால் ஒரே பதில்தான்: "இந்தா, பைக்காரா வந்துட்டேன் சார், பத்தே நிமிஷம்." பெரியார் நிலையத்திலிருந்து திருப்பரங்குன்றம் சாலையில் வந்தால் பழங்காநத்தம், பைக்காரா, அப்புறம் பசுமலைதான். ஆகவே பைக்காரா என்றால் வாசலுக்கு வந்த மாதிரி. ஆனால் அவர் பைக்காராவில் நின்று பேசும்போது, பின்னாலேயே மாட்டுத்தாவணிக் கண்டக்டர் ஒருவர் "மேலூர், மேலூர்!" என்று கூவுவதும் நம் காதில் விழும்.

ஏசி மெக்கானிக் என்பது அவருடைய விசிட்டிங் கார்டில் உள்ள பட்டம். ஊர் வைத்த பட்டம் கேஸ் அண்ணன். வண்டியில் கால் வைக்கும் இடத்தில் சிலிண்டர், ஹேண்டில்பாரில் தொங்கும் பை, பையிலிருந்து எட்டிப் பார்க்கும் சிவப்பு நீல ஹோஸ், பின்சீட்டில் தம்பி. தம்பிக்குப் பேச்சு கிடையாது. ஏணியைப் பிடிப்பது, ஸ்பேனரை எடுத்துக் கொடுப்பது, அண்ணன் எதையாவது அடித்துச் சொல்லும்போது தலையை மேலும் கீழும் ஆட்டுவது, இவை மூன்றும் தம்பியின் வேலை. மூன்றாவதுதான் முக்கியம்.

வீட்டுக்குள் வந்ததும் செருப்பைக் கழற்றுவார், தண்ணீர் கேட்பார், இன்டோர் பெட்டியை அண்ணாந்து பார்ப்பார். கையைக் காற்றில் நீட்டுவார். நாடி பிடிக்கும் வைத்தியராவது கொஞ்சம் கண்ணை மூடுவார். அண்ணனுக்கு அதுவும் வேண்டாம்.

"கேஸ் இல்ல சார்."

தம்பி தலையாட்டுவான்.

அறை குளிரவில்லையா, கேஸ் இல்லை. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா, கேஸ் கம்மி. சத்தம் வருகிறதா, கேஸ் போதாமல் மிஷின் முக்குகிறது. ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தால்கூட, "பேட்டரியை மாத்திருங்க, வந்ததுக்கு அப்படியே கேஸையும் ஒருக்கா பாத்துருவோம்" என்பார்.

பெட்டியைத் திறந்து பார்த்தால் கதை வேறாக இருக்கும். மூத்த மகள் கல்யாணத்துக்குக் கழுவிய ஃபில்டரை, அவள் மகனுக்குக் காதுகுத்து வைத்த பிறகும் யாரும் கழுவியிருக்க மாட்டார்கள். ஃபில்டர் அடைத்தால் காயில் மேல் காற்று ஓடாது. காற்று ஓடாவிட்டால் காயிலில் ஐஸ் கட்டும். ஐஸ் உருகித் தண்ணீர் சொட்டும். மாடியில் அவுட்டோர் பெட்டியின் முதுகில் ஒரு விரற்கடை தூசி படிந்து, உள்ளே அணில் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும். கெப்பாசிட்டர் போயிருந்தால் விசிறி மட்டும் சுற்றும், கம்ப்ரசர் ஓடாது, வெறுங்காற்றுதான் வரும். இந்தக் கோளாறுகளில் எதற்கும் கேஸ் பொறுப்பில்லை. ஆனால் ஃபில்டரைக் கழுவியதற்கு மூவாயிரம் ரூபாய் கேட்க அண்ணனுக்கு வாய் வராது. கொடுக்க நமக்குக் கை வராது. கேஸ் என்றால் இரண்டும் வரும்.

உண்மையில் அந்தக் கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீருகிற சரக்கில்லை. தாமிரக் குழாய்க்குள் அடைபட்டுச் சுற்றிக்கொண்டே இருப்பது. இன்டோர் காயிலில் குறைந்த அழுத்தத்தில் கொதித்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரசர் அதை அழுத்தி வெளியே அனுப்ப, அவுட்டோர் காயிலில் வெப்பத்தைக் கொட்டிவிட்டு மறுபடி திரவமாகித் திரும்புகிறது. இப்போது வீடுகளில் பரவலாக இருக்கும் ஆர்-32, சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 52 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். குழாயில் ஓட்டை இல்லாதவரை பெட்டியின் ஆயுசுக்கும் அதே கேஸ் போதும். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஒழுகுகிறது என்றே அர்த்தம். பெரும்பாலும் ஃப்ளேர் நட்டு முறுக்கிய இடத்தில். சில சமயம் காயிலில் ஊசி முனை அளவுக்கு அரித்த துளையில். ஒழுகும் இடத்தில் கம்ப்ரசர் ஆயிலும் கசிந்து பிசுபிசுப்பாகக் கறை படிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் தெரியும். அண்ணனிடம் டார்ச் இருக்கிறது. இருட்டிய பிறகே வருவதால் அதை வண்டிக்கு ஹெட்லைட்டாகப் பயன்படுத்துகிறார்.

பசுமலைக்கு மாயம் புதிதில்லை. திருவிளையாடற் புராணத்தில் மாயப்பசுவை வதைத்த படலம் என்றே ஒரு படலம் உண்டு. மதுரையை அழிக்க வந்த மாயப்பசு நந்தியின் முன்னே விழுந்து, இந்த மலையாகக் கிடக்கிறது என்பது ஐதிகம். அந்தப் பசுவைக் கண்ணாலாவது பார்த்தார்கள். அண்ணன் போடும் கேஸ் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. மீட்டர் முள் மட்டும் தெரியும். அந்த முள் ஆடுவதைக் குடும்பமே கூடி நின்று பார்க்கும்.

அண்ணனுக்குத் தெரிந்த எண் ஒன்றுதான்: அறுபது. ஆர்-22 காலத்தில் தொழில் பழகியவர் அவர். அந்தக் கேஸுக்கு உறிஞ்சு பக்க அழுத்தம் அறுபதிலிருந்து எழுபது பிஎஸ்ஐ வரை இருந்தால் சரி. ஆர்-410ஏ வந்தது, ஆர்-32 வந்தது. இரண்டுக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. இன்வெர்ட்டர் பெட்டியில் கம்ப்ரசர் வேகம் ஏறி இறங்கும்போது முள்ளும் கூடவே ஏறி இறங்கும். அதை நம்பிக் கேஸ் அளக்க முடியாது. கம்பெனிக்காரர் அவுட்டோர் பெட்டியின் தகட்டில் என்ன கேஸ், எத்தனை கிராம் என்று அச்சடித்தே ஒட்டியிருக்கிறார். எடைமெஷினில் சிலிண்டரை வைத்துக் கிராம் கணக்கில் போடச் சொல்கிறார். பசுமலையில் தக்காளிக்கு எடைமெஷின் உண்டு, பழைய பேப்பருக்கு உண்டு, கேஸுக்குக் கிடையாது. அண்ணனின் அளவுகோல் உள்ளங்கை. "குழாயைத் தொட்டுப் பாருங்க சார், ஜில்லுனு இருக்கா?" நாமும் தொட்டுவிட்டு, "ஆமாண்ணே" என்போம். அந்த நிமிஷத்திலிருந்து நாமும் சாட்சி.

மனசு குளிர்ந்தால் தாராளமும் காட்டுவார். "சேர்த்தே போட்டு விடுறேன் சார், அடுத்த வருஷத்துக்கும் கிடக்கும்." பொங்கலுக்கு வாங்கிய கரும்பா, மிச்சம் வைத்துக் கடிக்க? அளவுக்கு மிஞ்சிய கேஸ் அழுத்தத்தை ஏற்றும், கரண்டை இழுக்கும், திரவமாகவே கம்ப்ரசருக்குள் போய் அதை உடைக்கவும் செய்யும். அடுத்த வருஷத்துக்குக் கிடப்பது கம்ப்ரசர் பில்தான்.

கேஸ் போடுமுன் குழாயிலுள்ள காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஈரம் தங்கினால் கேப்பிலரியில் உறைந்து அடைக்கும், ஆயிலோடு சேர்ந்து அமிலமாகும். அண்ணன் அதற்கும் சுருக்குவழி வைத்திருக்கிறார். நட்டை லேசாகத் தளர்த்தி, கேஸையே திறந்துவிட்டு, "புஸ்ஸ்" என்று காற்றைத் தள்ளுவார். ஆர்-32 மெதுவாகவென்றாலும் தீப்பிடிக்கக்கூடிய வகை. அது புஸ்ஸென்று வரும் இடத்துக்குப் பக்கத்தில்தான் தம்பி பீடி பற்ற வைக்க இடம் தேடிக்கொண்டிருப்பான்.

பேரம் தனிக் கச்சேரி.

"போன வருஷம்தானேண்ணே போட்டேன்?"

"அது போன வருஷ வெயிலுக்கு சார்."

"அதுக்குள்ள எங்கண்ணே போச்சு?"

"ஓடுச்சுல்ல சார்? ராத்திரி பூரா பதினாறுல வச்சு ஓட்டினா?"

2020 ஜனவரியிலிருந்து விற்கும் ஏசிகளில் தொடக்க வெப்பநிலை 24 டிகிரியாகவே இருக்கவேண்டும் என்பது அரசு விதி. பெட்டி 24-இல் விழிக்கும். வீட்டுக்காரர் அடுத்த நொடியே அதைப் பதினாறில் அமுக்குவார். அமுக்கினால் சீக்கிரம் குளிரும் என்பது நம் நம்பிக்கை. அதனால் கேஸ் தீரும் என்பது அண்ணன் நம்பிக்கை. இரண்டும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவை.

அண்ணனுக்கு வேலை தெரியாது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். தெருவில் ரயில்வேயில் ரிட்டயர்டு ஆன பெரியவர் ஒருவர் இருப்பார். அண்ணன் வருமுன் நாற்காலியை அவுட்டோர் பக்கத்தில் போட்டு, மூக்குக்கண்ணாடியும் நோட்டுமாக உட்கார்ந்திருப்பார். அந்த வீட்டுக்கு மட்டும் அண்ணன் வேறு அவதாரம் எடுப்பார். நைட்ரஜன் சிலிண்டர் வரும். அழுத்தம் ஏற்றி, ஒவ்வொரு ஜாயின்ட்டிலும் சோப்பு நுரை தடவி, முட்டை விடுகிறதா என்று பார்ப்பார். ஒழுகும் ஃப்ளேரை வெட்டிப் புதிதாக விரிப்பார். பம்ப் அரைமணிக்கு மேல் ஓடும். எடைமெஷின்கூட வரும்! "எத்தனை கிராம் எழுதியிருக்கு?" "எழுநூத்தம்பது சார்." "எவ்வளவு போட்ட?" "எழுநூத்தம்பது சார்." அந்தப் பெட்டிக்கு அடுத்த சித்திரையில் அண்ணன் வரமாட்டார். தேவையில்லை.

அப்படியானால் மற்ற வீடுகளில் ஏன் செய்வதில்லை? கேட்டால் நம்மைத்தான் கைகாட்டுவார். "லீக் பாக்கணும் சார், அரை நாள் வேலை, தனிக் காசு ஆகும்" என்று அவரும் ஒரு காலத்தில் சொல்லிப் பார்த்தவர்தான். "அதெல்லாம் எதுக்குண்ணே, இப்போதைக்குக் கேஸை மட்டும் போட்டு விடுங்க, தேவகோட்டையிலருந்து மாமியார் வந்திருக்காங்க" என்றோம் நாம். சிலிண்டரில் இருந்து பொருள் இறங்கினால் காசு கொடுக்கிறோம். மூளையில் இருந்து இறங்கினால் கொடுப்பதில்லை. கத்திரி வெயிலில் மூன்றாம் மாடி சன்ஷேடில், இடுப்பில் கயிறுகூட இல்லாமல் ஒரு காலை ஊன்றி நிற்கிற மனிதர், நமக்கு எது விலைபோகும் என்று படித்துக்கொண்டார். அவ்வளவுதான்.

இந்த வெயிலைச் சமாளிக்க அந்தக் காலத்தவர் கேஸை நம்பவில்லை. மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார் 1845-இல் தங்கள் செமினரியைத் திருமங்கலத்திலிருந்து பசுமலைக்கு மாற்றினார்கள். அதே ஆண்டில் கொடைக்கானல் மலையேறி அங்கே வீடும் கட்டிக்கொண்டார்கள். பசுமலை கண்ட முதல் ஸ்பிளிட் ஏசி அதுதான்: அவுட்டோர் இங்கே, இன்டோர் அங்கே. லீக் கிடையாது.

நம்முடையது ஒழுகுகிறது, ஒழுகி வானத்துக்குப் போகிறது. ஆர்-22 ஓசோன் படலத்தை அரிப்பது. 1987-இல் கையெழுத்தான மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, நம்மைப் போன்ற நாடுகள் அந்த வகைக் கேஸை 2030-க்குள் ஏறக்குறைய முழுதாகக் கைவிட வேண்டும். புதிய கேஸ்கள் ஓசோனைத் தொடுவதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில், ஒரு கிலோ ஆர்-410ஏ வெளியேறுவது 2,088 கிலோ கரியமில வாயு வெளியேறுவதற்குச் சமம். ஆர்-32 என்றால் 675 கிலோ. வருஷா வருஷம் ஒழுகவிட்டு வருஷா வருஷம் நிரப்பினால், அடுத்த சித்திரையின் வெயிலுக்கு நாமே காசு கொடுத்ததாகும்.

ஆகவே இந்தச் சித்திரைக்கு அண்ணனைக் கூப்பிடுமுன் ஃபில்டரை நீங்களே கழுவிவிடுங்கள். அவர் வந்து "கேஸ் இல்ல சார்" என்றால் மறுக்க வேண்டாம், "எங்கண்ணே ஒழுகுது?" என்று மட்டும் கேளுங்கள். இடத்தைக் காட்டி அடைத்தபின் பம்ப் போடட்டும், தகட்டைப் பார்த்துக் கிராம் கணக்கில் கேஸ் போடட்டும். அந்த அரை நாள் உழைப்புக்குக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பிடிவாதமாகக் கேட்கிற வீட்டில் அவர் பிரமாதமான மெக்கானிக். கேட்காத வீட்டில் வெறும் கேஸ் அண்ணன்.